நின்று பாருங்கள்: புகைப்பட மேதைகளை ரசிக்கச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஓவியத்தின் முன்னால் போய் நின்றால் "எனக்கு இதெல்லாம் புரியாது" என்று தயங்குகிறவர்கள்கூடப் புகைப்படத்தின் முன் தயங்குவதில்லை. மரம் இருக்கிறது, மனிதர் இருக்கிறார், பார்த்தாயிற்று. எதிரே இருந்ததைக் கேமரா அப்படியே பதிந்துகொண்டது என்ற நினைப்பு நம்மில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. பெரும் புகைப்படக் கலைஞர்களை நம் கண்ணிலிருந்து மறைப்பது இந்த நினைப்புதான். எங்கே நிற்பது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது, எந்த நொடியில் அழுத்துவது, எந்த அளவில் பிரிண்ட் போடுவது, எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படத்தை வைப்பது என எல்லாமே ஒருவர் யோசித்து எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போவதுதான் ரசனை என்று நான் நம்புகிறேன். அப்படிப் போகிறவருக்குக் கைகொடுக்கிற பழக்கங்களும் உண்டு, காலை வாருகிற பழக்கங்களும் உண்டு.

செய்ய வேண்டியவை

முதலில் படத்தைப் பாருங்கள், பிறகு தலைப்பைப் படியுங்கள். கண்காட்சியில் நம் கண் நேராகப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டுக்குப் போகிறது. யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று படித்து, படித்தது படத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறோம். இந்த வரிசையை மாற்றுங்கள். ஹென்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் எடுத்த புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அதில் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டக் குதிக்கிறார். குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் மயிரிழைதான் பாக்கி. பெரும்பாலோர் இதைப் பார்த்து "அடடா" என்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

போகாதீர்கள். அவருக்குப் பின்னால் தண்ணீரில் ஓர் ஏணி படுத்துக்கிடக்கிறது; அதைச் சுற்றிச் சிற்றலைகள். ஆக, அதை மிதித்துத்தான் எம்பியிருக்கிறார். அவர் உருவம் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்திருக்கிறது. பின்சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் ஒரு நடனக் கலைஞர் காலை விரித்துத் துள்ளுகிறார், இவருக்கு நேர் எதிர்த் திசையில். அந்த உருவமும் தண்ணீரில் தெரிகிறது. அப்பால் கம்பி வேலியருகே இன்னொருவர் எதையும் கவனிக்காமல் அசையாமல் நிற்கிறார். இன்னும் தூரத்தில், புகைமூட்டத்தில், நிலையத்தின் கடிகாரம். குதிக்கிற மனிதரை மட்டும் பார்த்தவருக்குக் கிடைத்தது ஒரு வேடிக்கை. மற்றதையும் பார்த்தவருக்கு, குப்பையும் சேறுமான ஒரு மூலையில் எத்தனை பொருள்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன என்பது தெரிகிறது. அதைக் கண்டு மயங்க ஐந்து நிமிடமாவது வேண்டும்.

ஓரங்களைப் பாருங்கள். நடுவில் இருப்பதை யாரும் பார்ப்பார்கள். ஓர் ஆளை ஓரத்தில் பாதியாக வெட்டி வைத்திருக்கிறாரா, கதவைச் சேர்த்திருக்கிறாரா, வானத்தை முழுக்க விட்டுவிட்டாரா என்பதில்தான் எடுத்தவரின் மனம் தெரியும். மூலைக்கு மூலை கண்ணை ஒருமுறை ஓட்டிவிட்டு அப்புறம் நடுவுக்கு வாருங்கள்.

அசல் பிரிண்ட்டைத் தேடிப் போங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

1941-ஆம் வருஷத்து இலையுதிர்காலத்தில் ஒரு மாலை. நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டஸ் என்ற சிற்றூரைத் தாண்டும்போது ஆன்செல் ஆடம்ஸ் காரைச் சட்டென்று நிறுத்தினார். கிழக்கே நிலா ஏறியிருந்தது. அதன் கீழே மேகத் திட்டும் பனி மூடிய மலைகளும். முன்னால் மண் தேவாலயமும் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளும். சிலுவைகள் மீது விழுந்துகொண்டிருந்த கடைசி வெயில் எந்த நேரமும் போய்விடும். பெரிய கேமராவை அவசர அவசரமாக நிறுத்தியபோது லைட் மீட்டரைக் காணவில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்காக எக்ஸ்போஷரைத் தீர்மானித்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் மறைந்துவிட்டது.

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. அந்த நெகட்டிவ் லேசில் வசப்படவில்லை. முன்பக்கம் சோகையாக இருந்ததால் 1948-இல் அதன் கீழ்ப்பகுதியை மறுபடியும் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி கூட்டினார். ஒவ்வொரு முறை பிரிண்ட் போடும்போதும் வானத்தின் எந்தப் பட்டைக்கு எத்தனை விநாடி கூடுதல் வெளிச்சம், எந்த இடத்தைக் கையால் மறைப்பது என்று இருட்டறையில் நின்று தானே செய்தார். பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள். தொடக்ககாலப் பிரிண்ட்களில் வானம் சாம்பல் நிறம், மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நிலாவும் சிலுவைகளும் மட்டும் சுடர்விடும். ஆடம்ஸ் பியானோ பயின்றவர். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்ட்டைக் கச்சேரிக்கும் ஒப்பிடுவார். ஒரே கீர்த்தனையை ஒரே பாடகர் முப்பது வயதில் பாடியதையும் எழுபதில் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்கிற அனுபவம் இந்தப் பிரிண்ட்களில் இருக்கிறது.

கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டும் பியானோ கலைஞர்தான். 1944-இல் 44 வயதில் இறந்துபோனார். அவருடைய நெகட்டிவ்கள் பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. இலங்கையின் மனிதர்களையும் நிலத்தையும் அவர் கண்ட விதம் இன்று அவர் கைப்பட உருவாக்கிய பிரிண்ட்களில்தான் இருக்கிறது. நெகட்டிவ் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் வென்ட்டை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அளவும் பிரிண்ட்டோடு சேர்ந்ததுதான். எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் எடுத்த குடைமிளகாய், நெகட்டிவின் அதே அளவில், எட்டுக்குப் பத்து அங்குலத்தில் போட்ட பிரிண்ட். கையில் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்க்கத் தூண்டுவது. ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் 'ரைன் 2' மூன்றரை மீட்டருக்கும் மேல் அகலம். அதன் முன்னால் நடந்துதான் பார்க்க முடியும். கைப்பேசித் திரையில் இரண்டும் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடுகின்றன. அசலைக் காண வாய்ப்பில்லாதவர்கள் நல்ல அச்சில் வந்த புத்தகத்தைப் பார்க்கலாம். 2016 முதல் நடந்துவரும் சென்னை போட்டோ பினாலே போன்ற இடங்களில் பெரிய பிரிண்ட்கள் சுவரில் தொங்கும்போது போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் ஒதுக்கலாம், தவறில்லை.

புத்தகமாகச் செய்ததைப் புத்தகமாகவே, வரிசை கலையாமல் பாருங்கள். ராபர்ட் ஃப்ராங்க் 1955-56-இல் ஒரு பழைய காரில் அமெரிக்காவைச் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட ஃப்ரேம்கள் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் வைத்துக்கொண்டவை 83. முதல் படத்தில் இரண்டு ஜன்னல்கள், இரண்டு பெண்கள், ஒருத்தியின் முகத்தை மறைக்கும் தேசியக்கொடி. அந்தக் கொடி புத்தகத்தின் வழியே திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் நிறம் மங்கியதுபோல் ஓர் உணர்வு, அதுவும் கறுப்பு வெள்ளையில். 1958-இல் பிரான்ஸில் வெளியான முதல் பதிப்பில் அமெரிக்கா பற்றிய பல எழுத்தாளர்களின் வாசகங்கள் படங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தன. அடுத்த வருஷம் வந்த அமெரிக்கப் பதிப்பில் அவை நீங்கி, இடதுபக்கம் அநேகமாக வெறுமையானது. படங்கள் அதே படங்கள்தான். பக்கத்து எழுத்து போனதும் ஒரு நாட்டைப் பற்றிய ஆவணம் ஒரு தனிமனிதரின் பார்வையாகிவிட்டது. இணையத்தில் தேடி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஃப்ராங்கைப் பார்த்தவர்கள் இதை அறிய வழியில்லை.

தயானிதா சிங் இதை இன்னும் தூரம் கொண்டுபோனவர். விசிறிபோல் மடித்து விரிக்கும் சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்து, இதுதான் கண்காட்சி என்று கையில் கொடுக்கிறார். 'மியூசியம் பவன்' 2017-இல் அப்படித்தான் வந்தது. மேசையில் விரித்து நிறுத்தினால் வீட்டிலேயே ஒரு கண்காட்சி. இன்று ஒன்று, நாளை வேறொன்று. 2022-இல் அவருக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்தபோது புகைப்படத்துக்குக் கிடைத்ததைவிட, புகைப்படத்தைச் சுவரிலிருந்து இறக்கியதற்குக் கிடைத்ததாகவே எனக்குத் தோன்றியது.

எப்படி எடுத்தார்கள் என்று விசாரியுங்கள். கேமரா மாடலையும் லென்ஸ் எண்ணையும் சொல்லவில்லை. செய்முறையே அர்த்தமாக மாறும் இடங்கள் உண்டு. ஹிரோஷி சுகிமோட்டோ பழைய திரையரங்குகளில் கேமராவை நிறுத்தி, சினிமா தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடினார். இரண்டு மணிநேரக் கதை, அழுகை, சண்டை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளையின் ஒளியில் அரங்கத்தின் சிற்ப வேலைப்பாடுகள் தெரிகின்றன. இதை அறியாமல் பார்த்தால் காலியான கொட்டகை, அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சான்று ஒன்று இதைவிடப் பழையது. லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை வட்டாரங்களைப் படமெடுத்தார். மெழுகு ஏற்றிய காகிதத்தில் நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இணங்கும். கோபுரத்துக்குச் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் வெறிச்சென்று வெளுத்துவிடும். ட்ரைப் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். 1858-இன் மதுரை வானத்தில் நாம் காணும் மேகம் வைகைக் கரையில் மிதந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலையை நான் இன்னும் உயர்வாக வைப்பேன். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒரு சுவரைப் படிப்பதற்கு நடக்க வேண்டும். அந்த நடையை அவர் காகிதத்தில் கொண்டுவந்துவிட்டார். கூடவே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்: இந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தது யார், எதற்காக? 1857 கிளர்ச்சியின் சூடு ஆறாத நேரத்தில் கம்பெனி அரசு தன் ஆளுகையில் உள்ள நிலத்தின் தொன்மைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. படங்களில் ஆட்கள் மிகக் குறைவு. நீண்ட எக்ஸ்போஷரில் நடமாடுகிறவர்கள் பதியமாட்டார்கள் என்பது ஒரு காரணம். கட்டடம் தேவைப்பட்ட அளவுக்கு மனிதர்கள் தேவைப்படவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஒருவரைப் பிடித்தால் விடாதீர்கள், கொஞ்ச காலமாவது. நூறு பேரின் சிறந்த நூறு படங்களைக் காட்டிலும் ஒருவரின் நூறு படங்கள் அதிகம் கற்றுத்தரும். தொடங்குவதற்கு ரகுபீர் சிங் நல்ல இடம். கறுப்பு வெள்ளைதான் கலை என்று உலகம் நம்பிய காலத்தில் இந்தியாவை வண்ணத்தில்தான் எடுப்பேன் என்று நின்றவர். கங்கை, ராஜஸ்தான், தமிழ்நாடு என்று பகுதி பகுதியாகப் புத்தகங்கள் செய்தார். 1999-இல் அவர் மறைந்த பிறகு வெளிவந்த ஒரு தொகுப்பில் அம்பாசடர் காரின் கதவும் கண்ணாடியும் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு மூன்றாகத் துண்டுபோடுகின்றன. முந்தைய புத்தகங்களில் தூணும் கம்பமும் செய்த வேலையை இங்கே கார் செய்கிறது. தொடர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தொடர்ச்சி பிடிபடும்.

செய்யக்கூடாதவை

"இதை நானே எடுத்திருப்பேனே" என்று சொல்லாதீர்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1976-இல் வில்லியம் எகில்ஸ்டனின் வண்ணப்படங்களைக் காட்சிக்கு வைத்தபோது பெரிய விமர்சகர்களே ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள்: சாதாரணம், சலிப்பு. அவற்றில் ஒன்றான மூன்று சக்கரச் சைக்கிள் படம் அந்தக் கண்காட்சிப் புத்தகத்தின் அட்டை. மெம்ஃபிஸின் ஒரு குடியிருப்புத் தெரு, துருவேறிய ஒரு குழந்தைச் சைக்கிள். எகில்ஸ்டன் கேமராவைத் தரைக்கு அருகே கொண்டுபோனார். அதனால் சைக்கிள் வானத்தை எட்டுகிறது. பின்னால் உள்ள வீடும் காரும் அதன் கால்களுக்கிடையே அடங்கிவிடுகின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வண்டி எவ்வளவு பெரிது என்பதை வளர்ந்த ஒருவர் கண்டது இந்தப் படம். நாமும் எடுத்திருக்கலாம்தான். குனிந்திருக்க மாட்டோம்.

விதியை வைத்து அளக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு விதி, வெட்டக்கூடாது என்ற விதி, கணினியில் திருத்தக்கூடாது என்ற விதி. எடுத்த படத்தை வெட்டுவதைக் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் போல எதிர்த்தவர் இல்லை. ஆனால் மேலே சொன்ன ரயில் நிலையப் படம் வெட்டப்பட்டதுதான். வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்தார், இடதுபக்கம் பலகை மறைத்துவிட்டது, அதை நீக்கினார். குர்ஸ்கி தன் ரைன் நதிக் கரையிலிருந்த கட்டடங்களைக் கணினியில் அழித்துவிட்டு, புல்லும் நீரும் சாம்பல் வானமும் கோடுகளாக ஓடும் ஒரு நதியை உருவாக்கினார். செய்திப்படத்தில் இப்படிச் செய்தால் மோசடி. கலைப்படத்தில் அது ஒரு தேர்வு. அந்தத் தேர்வு எதைச் சாதித்தது என்று கேட்பதே முறை.

விலையைப் பார்த்து வியக்காதீர்கள். குர்ஸ்கியின் அந்த நதிப் படம் 2011-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மான் ரே 1924-இல் எடுத்த, ஒரு பெண்ணின் முதுகை வயலினாக்கிய படம் 2022-இல் 1.24 கோடி டாலரைத் தொட்டது. இவை சந்தையைப் பற்றிய செய்திகள்.

வாழ்க்கைக் கதையில் படத்தைத் தொலைத்துவிடாதீர்கள். சிகாகோவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்த விவியன் மையர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார், 2007-இல் ஏலத்துக்கு வந்து வெளியுலகுக்குத் தெரிந்தன, 2009-இல் இறந்தார். உருக்கமான கதைதான். படங்களைவிட அந்தக் கதையே அதிகம் பேசப்படுகிறது. அவருடைய படங்களில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பெரும்பாலானவற்றை அவர் பிரிண்ட் போடவே இல்லை. நாம் பார்ப்பவற்றைத் தேர்ந்தெடுத்து, அடர்த்தி தீர்மானித்து, பெரிதாக்கியவர்கள் பிறர். ஆடம்ஸின் பிரிண்ட்டில் நாம் தேடிய மனம் இங்கே பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தே பார்க்க வேண்டும். கிடைக்கிற அந்தப் பாதி அற்புதமாக இருக்கிறது, அதிலும் கண்ணாடிகளிலும் நிழல்களிலும் தன்னையே எடுத்துக்கொண்ட படங்கள்.

அழகாக இருக்கிறது என்பதற்காகச் சந்தேகப்படாதீர்கள். அழகோடு நின்றும் விடாதீர்கள். செபஸ்தியாவோ சல்காடோ 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்களில் ஆயிரக்கணக்கானோர் சேற்று மூட்டைகளைச் சுமந்து ஏணிகளில் ஏறுகிறார்கள். வறுமையை அழகாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு கடைசிவரை அவரைத் தொடர்ந்தது. கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் அவர் பொருளாதாரம் படித்தவர். உடலுழைப்பு உலகெங்கும் என்னவாகிறது என்று பல வருஷம் சுற்றிய பயணத்தில் இந்தச் சுரங்கம் ஒரு நிறுத்தம். 1993-இல் வந்த 'வொர்க்கர்ஸ்' தொகுப்போடு சேர்த்துப் பார்க்கும்போது இந்தச் சுரங்கத்துப் படங்கள் பரிதாபம் கேட்பதில்லை, கணக்குக் கேட்கின்றன.

படத்தில் இருப்பவரை வெறும் சின்னமாக்கிவிடாதீர்கள். 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றிக் கிடந்தவர்களின் முகாமில் டோரதியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். தோள்மேல் இரண்டு பிள்ளைகள் முகம் திருப்பிச் சாய்ந்திருக்க, மடியில் கைக்குழந்தையோடு, கன்னத்தருகே விரல்கள் வைத்து எங்கோ பார்க்கும் 32 வயதுப் பெண். லாங் அங்கே இருந்தது பத்து நிமிடம் போல, பெயரைக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்தது. அரசு முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது. மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் கண்ணை உறுத்துகிறது என்று லாங் பிறகு நெகட்டிவில் அதை மழுங்கடிக்கச் செய்தார். உற்றுப் பார்த்தால் தடயம் தெரியும். அந்தப் பெண் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன், செரோக்கி இனத்தவர் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. தன்னைக் கேட்காமல் தன் முகம் ஒரு காலத்தின் வறுமைக்கு அடையாளமானதில் அவருக்குக் கசப்பு இருந்தது. படம் மகத்தானது என்பதும் அந்தக் கசப்பு நியாயமானது என்பதும் இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அடக்கக்கூடாது.

இந்தப் படத்தைப் பார்த்த கையோடு மதுரை எம். பழனிகுமாரின் படங்களையும் பார்க்கச் சொல்வேன். அவருடைய தாயார் மீன் விற்பவர். கடன் வாங்கி மகனுக்குக் கேமரா வாங்கிக்கொடுத்தவர். தாயார் மீன் விற்பதையே பழனிகுமார் படமெடுத்திருக்கிறார். துப்புரவுத் தொழிலாளர்களின் வீடுகளுக்கும், மலக்குழிச் சாவுகளுக்குப் பிறகான துக்கத்துக்கும் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் அவர். பாரி என்ற கிராமப்புற ஆவண இணையதளத்தில் அவருடைய படங்களைத் தமிழிலேயே பார்க்கலாம். எடுக்கப்பட்டவர்களின் பெயர், ஊர், அன்றாடக் கூலி எல்லாம் படத்தோடு சேர்ந்தே இருக்கின்றன.